பொதுச் சொத்தும் தனிக் கையெழுத்தும்

2015 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தினர் செய்த ஒரு காரியம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெட்டி வேலையாகத்தான் தெரியும். இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் பிறர் கண்ணில் படாமல் கொண்டுசெல்லும் குறியாக்க நூலகம் அது. அதன் சி மொழிக் கோப்புகளை ஏறக்குறைய முழுவதுமாக மாற்றி எழுதினார்கள். அந்த மாற்றத்தால் புதிய வசதி எதுவும் வரவில்லை, வேகமும் கூடவில்லை, பிழை எதுவும் திருத்தப்படவுமில்லை. ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும், நெளி அடைப்புக்குறி எங்கே விழ வேண்டும், நீண்ட வரி எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்பவை மட்டுமே மாறின. அப்போது பராமரிப்பில் இருந்த 0.9.8, 1.0.0, 1.0.1 ஆகிய பழைய வெளியீடுகளின் கிளைகளையும் விட்டுவைக்கவில்லை. சி மொழிக் கம்பைலருக்கு இடைவெளி ஒன்றாக இருந்தாலும் எட்டாக இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே இத்தனை உழைப்பும் மனிதக் கண்ணுக்காக மட்டுமே செலவானது.

இதை அழகுணர்ச்சி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம், பலர் ஒதுக்கினார்கள். ஆனால் பெரிய திறந்த மூலத் திட்டங்கள் சீரான நடைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உரிமம் ஒரு நிரலைச் சட்டப்படி எல்லாருக்கும் திறந்துவிடும். ஆனால் அது ஒருவருடைய கையெழுத்திலேயே கிடக்கும்வரை, நடைமுறையில் அவருக்கும் அவருடைய நெருங்கிய சிலருக்கும் மட்டுமே உரியதாக இருக்கும். நடை மாற்றம் என்பது உண்மையில் சொத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் வேலை. அதனால்தான் அதற்கு அவ்வளவு எதிர்ப்பு இருந்தது, அவ்வளவு காலமும் ஆயிற்று.

இந்தச் சிக்கலின் வேர் சி மொழியின் தாராள குணத்தில் இருக்கிறது. பழைய ஃபோர்ட்ரானில் துளை அட்டையின் 80 பத்திகளில் நிரலின் வாசகம் 7 முதல் 72 வரைதான் நிற்க வேண்டும் என்று மொழியே விதித்திருந்தது. சி மொழி அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது; உடனே ஆளுக்கொரு நடை முளைத்தது. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய பாடநூல் தனக்கென ஒரு நடையை வைத்துக்கொண்டது. ஆனால் வாசகர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம், தேர்ந்ததை மாற்றாமல் கடைப்பிடித்தால் போதும் என்ற பெருந்தன்மையும் அதில் இருந்தது. அடுத்து வந்தவர்களிடம் அந்தப் பெருந்தன்மை இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ திட்டம் இரண்டு இடைவெளி உள்தள்ளலையும், அடைப்புக்குறியைத் தனி வரியில் பாதி தள்ளி வைப்பதையும் விதியாக்கியது. பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்தவர்கள் எட்டு இடைவெளி அகல டேபைப் பிடித்துக்கொண்டார்கள். லினக்ஸ் கெர்னலுக்கு நடை விதி எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், குனூ விதிகளை அச்செடுத்துக் கொளுத்துங்கள் என்ற கிண்டலோடுதான் அந்த ஆவணத்தையே தொடங்கினார். இவர்களின் நிரலைத் திறந்து ஒரு பக்கம் பார்த்தால் போதும், எழுதியவர் எந்த முகாம் என்று சொல்லிவிடலாம்.

வரிகளைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. இண்டென்ட் என்ற நிரல் 1976இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டு, 1983இல் 4.2பிஎஸ்டியோடு வெளிவந்தது. கருவி கையில் இருந்தும் சண்டை முப்பது ஆண்டுகள் ஓயவில்லை. காரணம், இண்டென்ட்டுக்குத் தனக்கென்று ஒரு கருத்து கிடையாது. அடைப்புக்குறியை எங்கே வைப்பது, கருத்துரையை எந்தப் பத்தியில் நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பத் தேர்வு வைத்திருந்தது. யார் எதைக் கேட்டாலும் அதன்படி செய்தது. எஜமானர் கையெழுத்தை அச்சாக நகலெடுக்கும் எழுத்தரைப் போல அது அவரவர் பழக்கத்துக்கு உழைத்ததே தவிர, பழக்கங்களுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொல்லவில்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கதை இந்தப் பின்னணியில்தான் தொடங்குகிறது. அதன் மூலம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் 1990களின் நடுவில் உருவாக்கிய எஸ்எஸ்எல்ஈ என்னும் நூலகம். 1998இன் இறுதியில் அவர்கள் ஆர்எஸ்ஏ நிறுவனத்தில் சேர்ந்துவிட, அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேறு சிலர் அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். யங்கின் நடை தனித்துவமானது. அடைப்புக்குறியை அதற்குள் வரும் வரிகளோடு சேர்த்து உள்ளே தள்ளி வைப்பார். பெரும்பாலான சி நிரலாளர் கண்ணுக்கு அது பழக்கமில்லாத தோற்றம். பின்னால் வந்தவர்களில் சிலர் அவரைப் பின்பற்றினார்கள், சிலர் தங்கள் பழக்கப்படியே எழுதினார்கள். ஒரே கோப்பில் பல கைகள் தெரிந்தன. உலகமே பயன்படுத்திய நூலகம்தான். ஆனால் அதை உட்கார்ந்து வாசித்தவர்கள் மிகக் குறைவு. திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்பதும், முழு நேரமாக உழைத்தவர் ஒருவர்தான் என்பதும் பிறகுதான் உலகுக்குத் தெரிந்தன.

தெரியவைத்தது ஹார்ட்பிளீட். 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்போடு உள்ளே புகுந்த அந்தப் பிழை, 2014 ஏப்ரல் 7 அன்றுதான் வெளியே அறிவிக்கப்பட்டது. பலர் கண் பட்டால் பிழை தங்காது என்பது திறந்த மூல உலகின் பழைய நம்பிக்கை. இங்கே இரண்டு ஆண்டுகள் எந்தக் கண்ணும் படவில்லை. அடுத்த சில நாட்களிலேயே ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் நிரலை நகலெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பிரிந்துபோனார்கள். தேவையற்ற பகுதிகளை வெட்டி எறிந்ததோடு, தொடக்கத்திலேயே அவர்கள் பிடித்துக்கொண்ட இன்னொரு வேலை முழு நிரலையும் தங்கள் பெர்க்லி வழி நடைக்கு மாற்றுவது. வாசிக்க முடியாததைத் திருத்த முடியாது என்பது அவர்கள் கணக்கு. மூலத் திட்டத்தினரும் 2014 ஜூன் 30 அன்று தங்கள் குறைகளைத் தாங்களே பட்டியலிட்டு ஒரு செயல்திட்டம் வெளியிட்டார்கள். தீர்க்காமல் குவிந்த புகார்கள், ஆவணக் குறை, ரிவ்யூ இல்லாமை ஆகியவற்றோடு சீரற்ற நிரல் நடையும் அந்தப் பட்டியலில் ஒரு குறையாக இடம்பெற்றது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஹார்ட்பிளீட்டுக்கும் நடைக்கும் என்ன தொடர்பு? எதிர்முனை சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிட்டது நிரல். அங்கே இல்லாமல் போனது ஒரு சோதனை வரி. எந்த நடையில் எழுதியிருந்தாலும் அந்த வரி இல்லாமல்தான் இருந்திருக்கும். உண்மை. நடையைச் சீராக்கியிருந்தால் ஹார்ட்பிளீட் வந்திருக்காது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: இல்லாத வரியைக் கண்டுபிடிக்க, முதலில் இருக்கும் வரிகளை யாராவது வாசிக்க வேண்டும் அல்லவா? வாசிப்பில் நடை எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. 1983இல் பென் ஷ்னைடர்மன் உள்ளிட்டோர் நடத்திய சோதனையில், உள்தள்ளலின் அளவு புரிதலைப் பாதிப்பது தெரிந்தது. 2 முதல் 4 இடைவெளி வரையில் வாசிப்பு நன்றாக இருந்தது. 1984இல் எலியட் சொலோவே, கேட் எர்லிக் ஆகியோர் காட்டியது இன்னும் முக்கியமானது. எழுதும் மரபுகளை மீறிய நிரலைக் கொடுத்தால், தேர்ந்த நிரலாளரின் திறன் கற்றுக்குட்டியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவர்கள் சோதித்த மரபுகள் இடைவெளி பற்றியவை அல்ல, மாறிகளின் பெயரும் பயனும் போன்றவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தேர்ச்சி என்பதில் பாதி எதிர்பார்ப்புதான் என்று அது காட்டுகிறது. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது இருந்தால்தான், இல்லாதது கண்ணில் உறுத்தும்.

நடையே நேரடியாகக் குற்றவாளியான வழக்கும் ஹார்ட்பிளீட் வெளிப்பட்ட அதே ஆண்டில் வந்தது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பிழையில், சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் ‘கோட்டூ ஃபெயில்’ என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதலாவது, மேலே இருந்த நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எதற்கும் உட்படாதது, எப்போதும் நடக்கும். அதனால் பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் தாண்டப்பட்டன. அடைப்புக்குறி போடாத அந்த இடத்தில் இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி நின்றதால், இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலக் கண்ணுக்குத் தோன்றின. ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றை அந்தக் கோப்பின் மேல் ஓட்டியிருந்தால் இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கும். 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே தனி எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது. இடைவெளியைப் பொருட்படுத்தாத கம்பைலருக்கே இடைவெளியைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி 2015 ஜனவரிக்கு வருவோம். ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் லினக்ஸ் கெர்னலின் நடை ஆவணத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, எட்டு அகல டேபுக்குப் பதில் நான்கு இடைவெளி என்று வைத்து, தங்களுக்கான விதியை எழுதினார்கள். மாற்றும் வேலைக்கு இண்டென்ட்டையே ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஓட்டினார்கள். தொல்லை கருத்துரைகளில் வந்தது. பழைய கோப்புகளில் கையால் வரைந்த அட்டவணைகளும் படங்களும் கருத்துரைக்குள் இருந்தன. கருவி அவற்றைச் சாதாரணப் பத்தியாக நினைத்துக் கலைத்துப் போட்டுவிடும். கருத்துரையின் தொடக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டால் அதை இண்டென்ட் தொடாது என்பதால், கோப்பு கோப்பாகப் போய் அந்தக் கோட்டை இட்டார்கள். மாற்றத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கோடுகள் நிரலில் தங்கியிருந்தன. சொன்னால் எளிய வேலைதான். ஆனால் கருவி ஓடுவதற்கு முன்னும் பின்னும் மனிதக் கைதான் நின்றது.

பழைய கிளைகளையும் சேர்த்து மாற்றியதில்தான் அவர்களுடைய முதிர்ச்சி தெரிகிறது. புதிய கிளையை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே விட்டிருந்தால், நாளை ஒரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதை ஒவ்வொரு கிளைக்கும் கையால் மறுபடி எழுத வேண்டியிருக்கும். அவசர வேளையில் செய்யும் அந்த வேலையில்தான் புதிய பிழைகள் பிறக்கும். அதோடு, மாற்றத்துக்கு முந்தைய நிலைக்கும் பிந்தைய நிலைக்கும் தனித்தனி அடையாளக் குறிகள் இட்டார்கள். வெளியில் தங்கள் சொந்தப் பேட்ச்களை வைத்திருந்தவர்கள், முந்தைய நிலையில் அவற்றைப் பொருத்தி, அதே ஸ்கிரிப்டை ஓட்டி, பிந்தைய நிலைக்கு எடுத்துவர வழி கிடைத்தது. வீட்டைக் கைமாற்றுகிறவர் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார் எனலாம்.

மொத்தமாக நடையை மாற்றுவதற்கு எதிரான வலுவான வாதம் ரசனையிலிருந்து வருவதில்லை, வரலாற்றிலிருந்து வருகிறது. கிட் போன்ற அமைப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் யார், எந்த நோக்கத்துக்காகத் தொட்டார் என்ற பதிவு உண்டு. இருபது ஆண்டு பழைய நிரலில் ஒரு விசித்திரமான வரியைப் பார்த்தால், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. ஒரே நாளில் எல்லா வரிகளையும் தொட்டுவிட்டால், எல்லா வரிகளும் அந்த ஒரு நாளின் பெயரில் போய் நிற்கும். லினக்ஸ் கெர்னலில் இடைவெளியை மட்டும் திருத்தும் பேட்ச்களுக்குப் பொதுவாக வரவேற்பு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே 2007இல் வந்த செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் புதிதாக வரும் மாற்றங்களைச் சோதிப்பதற்குத்தான். இயங்கிக்கொண்டிருக்கும் பழைய நிரலைத் தேடிப் போய்த் திருத்துவதற்கு அல்ல. பயிற்சிக் களம் போன்ற ஸ்டேஜிங் பகுதி மட்டும் விதிவிலக்கு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் இடைவழி ஒன்றைப் பிடித்தது. பிஜிஇண்டென்ட் என்ற தன் கருவியை வெளியீட்டுச் சுழற்சியில் குறித்த கட்டத்தில் ஓட்டி, அழுக்கு சேரச் சேரக் கழுவிக்கொண்டது.

இந்த வாதத்தின் பலம் 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்போடு கணிசமாகக் குறைந்தது. குறிப்பிட்ட சில மாற்றங்களை வரலாறு பார்க்கும்போது கணக்கில் எடுக்காதே என்று ஒரு பட்டியல் கொடுக்கும் வசதி அதில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2018 நவம்பர் முடிவில், மொசில்லா தன் ஃபயர்ஃபாக்ஸின் சி++ நிரல் முழுவதையும் கூகுள் நடைக்கு மாற்றிவிட்டது. நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வளர்ந்த மரபைக் கைவிட்டு, வெளியார் ஒருவரின் நடையை ஏற்கும் துணிவு அதற்கு வேண்டியிருந்தது. பைத்தான் உலகின் ஜாங்கோ, பிளாக் என்ற கருவியை ஏற்பது என்று 2019இலேயே முடிவெடுத்தும் அவசரப்படவில்லை. அந்தக் கருவியின் முதல் நிலையான பதிப்பு 2022 ஜனவரியில் வரும்வரை காத்திருந்து, பிப்ரவரியில் மொத்த நிரலையும் மாற்றியது. பிளாக் தன் வேலைக்குத் தானே சாட்சி வைத்துக்கொள்ளும் கருவி என்பதையும் சொல்ல வேண்டும்: மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நிரலின் இலக்கண அமைப்பு ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதும்.

என் தீர்ப்பைச் சொல்வதானால், லினக்ஸ் செய்தது லினக்ஸுக்குச் சரி, ஓப்பன்எஸ்எஸ்எல் செய்தது ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குச் சரி. கெர்னலுக்கு 1990களிலேயே ஒரு நடை விதி எழுதப்பட்டுவிட்டது. சில்லறை வேறுபாடுகளோடு அது கடைப்பிடிக்கவும்பட்டது. நெட்வொர்க் பகுதியில் மாறிகளை நீளமான வரி முதல் குட்டையான வரி வரை இறங்குவரிசையில் அறிவிப்பது போன்ற உள்ளூர் வழக்கங்கள் அங்கே உண்டு, அவற்றால் யாரும் வழி தவறவில்லை. அங்கே மொத்த மாற்றத்தால் கிடைக்கும் லாபம் சிறியது, இழப்பு பெரியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கணக்கு தலைகீழ். வரலாற்றைத் துருவிப் பார்க்க ஆளே இல்லாத இடத்தில் வரலாற்றைக் காப்பாற்றி என்ன பயன்?

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: யார் நடை ஜெயிப்பது? முப்பது ஆண்டுச் சண்டைக்கு விடை சொன்னது 2009 நவம்பரில் வெளியான கோ மொழி. ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகியோர் உருவாக்கிய அந்த மொழியோடு கோஃபம்ட் என்ற கருவியும் வந்தது. நடையை மாற்றிக்கொள்ள அதில் விருப்பத் தேர்வே இல்லை. இண்டென்ட்டிடம் இல்லாத பிடிவாதம் இதனிடம் இருந்தது. அதன் நடை யாருக்கும் தனிப்பட்ட முறையில் பிடித்ததல்ல, ஆனால் கருவி எல்லாருக்கும் பிடிக்கும் என்று பைக்கே சொல்வதுண்டு. 2018இல் வந்த பிளாக்கும் அதே வழிதான். கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஹென்றி ஃபோர்டு தன் காரைப் பற்றிச் சொன்னதாக வழங்கும் கேலியிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயர்.

இது சர்வாதிகாரம் இல்லையா என்று கேட்கலாம். எங்கோ சிலர் எடுத்த முடிவுக்கு ஆயிரக்கணக்கானோர் தலையாட்ட வேண்டியிருக்கிறதே! ஆனால் கருவி வருவதற்கு முன் என்ன நிலைமை என்று பார்க்க வேண்டும். அப்போதும் ஒரு அதிகாரம் இருந்தது, அது மூத்தவர் கையில் இருந்தது. புதிதாக ஒருவர் பேட்ச் அனுப்பினால், அதன் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்கு முன் இடைவெளி பற்றிப் பத்து திருத்தங்கள் வந்து சேரும். எழுதப்படாத விதிகள் பல. அவை உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். மூத்தவர் தாமே மீறினால் கேட்க ஆளில்லை. கருவிக்கு மூத்தவரும் புதியவரும் ஒன்று. திட்டத்தைத் தொடங்கியவருடைய வரியையும் நேற்று வந்த மாணவருடைய வரியையும் அது ஒரே மாதிரி மடக்கும். கையெழுத்தின் வழியாக நிலைத்திருந்த சொத்துரிமை அங்கேதான் கைமாறுகிறது. எதிர்ப்புக் குரல் பெரும்பாலும் நெடுநாள் உழைத்தவர்களிடமிருந்து எழுந்தது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

தனித்தன்மை அழிந்துபோகும் என்ற வருத்தத்தில் ஒரு சிறு உண்மை உண்டு. எண்களைக் கவனமாகப் பத்தி பத்தியாக நேர்படுத்தி எழுதிய ஓர் அணியைக் கருவி குலைத்துப் போடுவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அதற்காகத்தான் கிளாங்-ஃபார்மட் என்ற கருவியும் பிளாக்கும், இந்தப் பகுதியைத் தொடாதே என்று குறித்துவைக்க இடம் தருகின்றன. மற்றபடி, ஒருவர் நிரலில் அவருடைய முகம் இடைவெளியில் மட்டும் இருப்பதில்லை. 2015இல் ஐலின் சாலிஷ்கான் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நிரலாக்கப் போட்டிகளுக்கு எழுதப்பட்ட நிரல்களை வைத்து 1,600 பேரில் யார் எதை எழுதினார் என்று 94 விழுக்காடு துல்லியத்தோடு அடையாளம் கண்டார்கள். அவர்கள் பெரிதும் நம்பியது நிரலின் இலக்கண மர அமைப்பை. ஒழுங்குபடுத்தும் கருவி அதைத் தொடுவதே இல்லை. ஒரு சிக்கலை எப்படிப் பிரிக்கிறோம், எதைத் தனிச் செயற்கூறாக்குகிறோம், எங்கே திரும்பி வருகிறோம் என்பதெல்லாம் அப்படியே தங்கிவிடுகின்றன.

பழைய முகாம்களின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை லினக்ஸிலேயே பார்க்கலாம். 2020 மே மாதத்தில், வரிக்கு 80 எழுத்து என்ற பழைய வரம்பைத் தாண்டினால் செக்பேட்ச் கொடுத்துவந்த எச்சரிக்கை 100 எழுத்துக்குத் தளர்த்தப்பட்டது. அகலத் திரைக் காலத்தில் அந்த வரம்புக்குப் பொருளில்லை என்று டோர்வால்ட்ஸே வாதிட்டிருந்தார். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட் மொழி கெர்னலுக்குள் நுழைந்தபோது, அந்த மொழிக்கான நடையைக் கெர்னல்காரர்கள் எழுதவே இல்லை. ரஸ்ட்ஃபம்ட் கருவியை அதன் இயல்பு அமைப்பிலேயே ஏற்றுக்கொண்டார்கள். நான்கு இடைவெளி உள்தள்ளலை மதத் துரோகம் என்று கேலி செய்த டோர்வால்ட்ஸின் ஆவணம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதே கெர்னலின் ரஸ்ட் கோப்புகள் நான்கு இடைவெளியில் எழுதப்படுகின்றன.